பூசினாப்புல இருந்த பிள்ளை

நீங்க தாராளமா உக்காருங்கக்கா. மூணு பேர் சீட்டுதான், இவ எங்க எடத்தை அடைக்கப்போறா. பையைக் கீழ வைங்க, மதுரை வரைக்கும் மடியில வச்சிக்கிட்டு எதுக்குச் சிரமம். மகளைப் பாக்கவா போறீங்க? கட்டிக்குடுத்துட்டீங்களா? நல்லது. குடுத்துவச்சவுக.

ஜன்னலோரம் இருக்கது எம் மகதான். நீங்க நெனைக்க மாதிரி சின்னப்பிள்ளை இல்ல. கண்டக்டரும் அரை டிக்கெட்டான்னுதான் கேட்டான். எனக்கு அப்பிடியே பூமிக்குள்ள போயிரலாமான்னு வந்திச்சு. இருபத்தாறு வயசுக்கா. பேரு சண்முகவடிவு. எங்க மாமியா பேரு, வடிவுன்னு கூப்பிடுவோம். இப்பத் தூங்குதா, நாம பேசுறது காதுல விழாது. காலை மட்டும் பாருங்க, குதிகால் ஆடுதா? தூங்கும்போதும் நிக்காது. பெத்தவ எத்தனை நேரந்தான் பிடிச்சி அமுக்கிக்கிட்டு இருக்க முடியும், சொல்லுங்க.

என்ன சீக்குன்னுதானே கேக்க வாரீக? எல்லாரும் கேக்கதுதான். சீக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு பொம்பளை சொன்ன ஒரு வார்த்தைக்கா. அந்த ஒரு வார்த்தை எங்குடும்பத்தைச் சந்தியில கொண்டாந்து நிறுத்திட்டு.

எங்க வீட்டுக்காரரு கோயில்பட்டியில புண்ணாக்குக் கடை வச்சிருக்காக. பருத்திக்கொட்டை, தவிடு, எல்லாம் உண்டு. ஒத்தப் பிள்ளை. பி.காம் படிச்சிட்டு வீட்டுலயே தெருப் பிள்ளைகளுக்கு டியூசன் எடுத்தா. நல்லாச் சாப்பிடுவா. பொய் சொல்லக்கூடாது, நல்லாவே சாப்பிடுவா. புரோட்டாவைப் பிச்சிப்போட்டு சால்னாவை ஊத்தி அவ சாப்பிடுறதை அவுகப்பா பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாக. சிரிச்சா தெருமுக்கு வரைக்கும் கேக்கும். "பொம்பளைப்பிள்ளை இப்பிடியாட்டி சிரிப்ப"ன்னு நான் வைவேன். அப்பமும் சிரிப்பா.

போன ஆனியில சின்னமனூர்ல இருந்து ஒரு எடம் வந்திச்சு. பையன் கரண்டு ஆபீசுல வேலை. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. தரகரு அருணாசலம் கூட்டிட்டு வந்தாரு. கேசரி, வாழக்கா பஜ்ஜி, காப்பி, எல்லாம் நல்லபடியா நடந்திச்சு. பையன் தலையே நிமிரல. அவுக அம்மாதான் இவளைப் பக்கத்துல உக்காரவச்சி கையைப் பிடிச்சிப் பாத்தாக, கன்னத்தைத் தடவுனாக. தடவிட்டுச் சொன்னாக பாருங்க.

"பொண்ணு நல்லாப் பூசினாப்புல இருக்கா."

அவ்வளவுதான் சொன்னாக. அப்புறம் எந்திரிச்சு, "ஊருக்குப் போயித் தாக்கல் சொல்லுறோம்"னு கிளம்பிட்டாக.

நீங்களே சொல்லுங்க, பூசினாப்புலன்னா என்ன அர்த்தம்? குண்டுன்னு முகத்துக்கு நேராச் சொல்ல முடியாதவுக சொல்லுற வார்த்தைதானே அது? அதோட ஊருக்குப் போயித் தாக்கல் சொல்லுறோம்னும் சேத்துச் சொன்னா? இதுக்கு மேல ஒரு மனுசி எப்பிடித்தான் வேண்டாம்னு சொல்லுவா? நான் என்ன நேத்துப் பெறந்தவளா?

இந்தக் கழுதை இருக்காளே, வாசல்ல இருந்து உள்ள வந்ததும் கேக்கா. "யம்மா, பூசினாப்புலன்னா நல்லதுதானம்மா? அந்த அத்தை சிரிச்சிக்கிட்டேதானே சொன்னாக?" அவ முகத்துல ஒரு வெக்கம். எனக்குப் பத்திக்கிட்டு வந்திச்சு. "உனக்கு என்னட்டி தெரியும்? கண்ணாடியில போயிப் பாரு"ன்னேன். போனா. ரொம்ப நேரம் கழிச்சித்தான் வந்தா.

நான் முந்திக்கிட்டேங்க்கா. அவுக வேண்டாம்னு சொல்லுறதுக்கு முந்தி நாமளே ஒரு தவணை கேட்டுருவோம்னு மறுநாளே தரகரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பிள்ளைக்கு ஏதோ பரீட்சை இருக்கு, தை பொறக்கட்டும், திரும்ப ஒருக்காப் பாக்கச் சொல்லுங்க"ன்னு. தரகரு தலையைச் சொறிஞ்சாரு. "அவுக என்ன சொல்ல வாராகன்னு கேட்டுட்டு..."ன்னு இழுத்தாரு. நான் பேச விடல. ரெண்டு நாள் கழிச்சி வந்து, சரி, தை வரைக்கும் காத்திருக்கோம்னு சொல்லிட்டாகன்னாரு. பாத்தீகளா? காத்திருக்காகன்னா என்ன அர்த்தம்? பிள்ளை மெலிஞ்சா கட்டிக்கிடுதோம்னுதானே அர்த்தம்? எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் விளங்காது. "பிடிச்சிருக்கப்போயித்தான் காத்திருக்காக"ன்னு சொல்லுதாக. புண்ணாக்கு யாவாரம் பண்ற மனுசருக்குப் பொம்பளைக பேச்சு எங்க விளங்கும்.

மாடி வீட்டுல ரெஜினான்னு ஒரு டீச்சரு குடியிருக்காக. கேர்ல்ஸ் ஸ்கூல்ல பி.டி. டீச்சரு. ஒடம்பு கம்பு மாதிரி இருக்கும். அவுககிட்டப் போயிக் கேட்டேன், ஒடம்பு கொறைய என்ன வழின்னு. "ஸ்கிப்பிங் ஆடச் சொல்லுங்கக்கா, அதை மாதிரி ஒரு பயிற்சி இல்ல. ஓடுறதை விட நல்லது, நெஞ்சுக்கும் நல்லது, எடம் வேண்டாம், ஒரு கயிறு போதும்"னாக. அன்னைக்குச் சாயங்காலமே பஜார்ல போயி வாங்கிட்டு வந்தேன். கறுப்புக் கயிறு, ரெண்டு பக்கமும் செகப்புப் பிடி.

அவுக இன்னும் என்னென்னமோ சொன்னாக. ஷூ போட்டு ஆடணும், சிமெண்டுத் தரையில வெறுங்காலோட குதிக்கக்கூடாது, மொதல்ல கொஞ்சம் கொஞ்சமா, நடுவுல ஒரு நாள் ஓய்வு, நல்லாச் சாப்பிடணும்னு. அதெல்லாம் பந்தயத்துக்குப் போற பிள்ளைகளுக்குச் சொல்லுறது. நமக்கு ஆடி ஆவணி புரட்டாசின்னு மாசம் ஓடுது. ஓய்வெடுத்தா தை நிக்குமா? நல்லாச் சாப்பிட்டா அப்புறம் எதுக்குக் குதிக்கது?

கொல்லையில கிணத்தடிக்குப் பக்கத்துல ஒரு சிமெண்டுத் தளம் உண்டு. விடிஞ்சதும் இவ குதிப்பா, நான் அம்மியில உக்காந்து எண்ணுவேன். கயிறு கால்ல தட்டி நின்னுட்டா மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும். அதுதான் சட்டம். நான்தான் போட்டேன். இல்லைன்னா ஏமாத்திருவா. மொதல்ல ரொம்ப அழிச்சாட்டியம் பண்ணுனா. "மூச்சு வாங்குதும்மா, கெண்டைக்கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்மா"ன்னு உக்காந்துருவா. கயிறு பட்டுப்பட்டுக் கெண்டையில செவப்புச் செவப்பாக் கோடு விழும். ராத்திரி நான்தான் வேப்பெண்ணெ தடவுவேன். என்னைக் கல்நெஞ்சுக்காரின்னு நெனைக்காதீங்க. தடவுதப்ப எனக்கும் கண்ணுல தண்ணி வரும். ஆனா கலியாணம் ஆகாமக் கெடந்தா இதை விட வலி இல்லையாக்கா? அதுக்கு யாரு தடவுவா?

சோத்தை ஒரு கரண்டியாக் கொறச்சேன். காலையில இட்லியை நிறுத்திட்டு கொள்ளுக்கஞ்சி. அவுகப்பா கடையில இருந்து வரும்போது சட்டைக்குள்ள ஒளிச்சி அல்வா வாங்கிட்டு வருவாக. ஒருநாள் கண்டுபிடிச்சேன். அப்பிடியே நாய்க்கு வச்சிட்டேன். "வெண்ணெ திரண்டு வாரப்ப தாழியை உடைக்கப் பாக்கீகளா"ன்னு கத்துனேன். அந்த மனுசரு அல்வா வைக்கதைப் பாத்துக்கிட்டு நின்னாக. பிள்ளை நாயைப் பாத்துக்கிட்டு நின்னா.

எடை பாக்கதுக்கு எங்கயும் போகவேண்டாம். கடையில மூட்டை நிறுக்க தராசு இருக்கே. வாரம் ஒருக்கா மத்தியானம் ஆளில்லாத நேரத்துல கூட்டிட்டுப் போவேன். தவிட்டு மூட்டைகளுக்கு நடுவுல ஏறி நிப்பா. முள்ளு எறங்கலைன்னா அன்னைக்கு ராத்திரி அவளுக்கு மோரு மட்டுந்தான். எறங்கிருச்சின்னா நான் அவளைக் கட்டிப்பிடிச்சி முத்தம் குடுப்பேன். சின்னப்பிள்ளையில குடுத்தது, அதுக்கப்புறம் அப்பத்தான் குடுத்தேன். அதுக்கப்புறந்தான்க்கா அவ சொணங்காமக் குதிக்க ஆரம்பிச்சா.

புரட்டாசி கழிஞ்சதும் நான் எழுப்பவே வேண்டாம். எனக்கு முந்தி அவ கொல்லையில நிப்பா. நான் எண்ணவும் வேண்டாம், அவளே எண்ணிக்கிடுதா. சாயங்காலமும் குதிக்கா. டியூசன் பிள்ளைகளை நிறுத்திட்டா, நேரம் இல்லையாம். நான் அக்கம்பக்கத்துல பெருமையாச் சொன்னேன். எம் மகளுக்கு வைராக்கியம்னா வைராக்கியம், அப்பிடியே என்னைய மாதிரின்னு.

இன்னொண்ணு சொல்லுதேன், பொம்பளைகளுக்குள்ள சொல்லிக்கிடலாம். மாசாமாசம் அந்த மூணு நாளு மட்டும் குதிக்க முடியாது, வயித்த வலிக்கும்பா. நானும் சரின்னு விட்டுருவேன். ஐப்பசிக்கு மேல அந்த லீவையும் கேக்கல. பரவாயில்லையே, வலியைத் தாங்கிக்கிட்டுக் குதிக்காளேன்னு எனக்கு மனசு நெறஞ்சிபோச்சி. அது அப்பிடி இல்ல, சுத்தமா நின்னேபோச்சின்னு அப்புறம் டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். ஒரு தாய்கிட்டச் சொல்ல வேண்டாமா? மறைச்சிட்டாளேக்கா. அதுதான் எனக்கு ஆறல.

ரெஜினா டீச்சரு மாடியில இருந்து பாத்துட்டு எறங்கி வந்து சண்டைக்கு நின்னாக. "நான் சொன்னது என்ன, நீங்க செய்யறது என்ன? இது பயிற்சி இல்லக்கா. பிள்ளை கையைப் பாருங்க, மயிரு பூனைமயிரு மாதிரி மொளைக்கி. டாக்டருகிட்டக் காட்டுங்க"ன்னு. நான் நல்லாக் கேட்டு விட்டேன். "உங்களுக்குக் கலியாணம் முடியல, எம் மகளுக்கும் முடியக்கூடாதா?"ன்னு. அன்னையில இருந்து பேச்சில்ல. யோசனை குடுத்தவுகளே பின்ன வந்து குத்தம் சொன்னா எப்பிடி?

எங்க வீட்டுக்காரரும் மார்கழியில ஒருநாள், "வயசுப்பொண்ணு இருக்க வீட்டுல கயித்தை ஆணியில தொங்க விடாத, எனக்குப் பாக்கவே பயமா இருக்கு"ன்னு சொல்லிட்டு, கடையில சாக்கு அறுக்குற கத்தியை எடுத்துட்டு வந்து துண்டு துண்டா வெட்டிப் போட்டுட்டாக. இவ அழல. கோவப்படல. நேரா கொல்லைக்குப் போனா. கையில பிடி இருக்க மாதிரி ரெண்டு மணிக்கட்டையும் சுத்திக்கிட்டு, கயிறே இல்லாமக் குதிக்கா. குதிக்கா, குதிக்கா, நிக்கவே இல்ல. அவுகப்பா கத்தியைக் கீழ போட்டுட்டு, கிணத்துச் சுவத்துல தலையை வச்சி அழுதாக. அந்த மனுசரு அவுக அம்மா செத்ததுக்கே அழாதவுக.

அன்னைக்கு எனக்கும் கொஞ்சம் திக்குன்னுதான் இருந்திச்சு. ஆனா தைக்கு இன்னும் நாலு நாள்தான் கெடந்திச்சு.

தை பொறந்து வந்தாகக்கா, சின்னமனூர்க்காரக. மறுபடி கேசரி, மறுபடி பஜ்ஜி. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு இருந்திச்சுன்னு ரெண்டு பக்கமும் பிடிச்சித் தைச்சிருந்தேன். பொம்மை மாதிரி இருந்தா, என் கண்ணுக்கு. அந்தம்மா வாசல்ல செருப்பைக் கழட்டும்போது சிரிச்ச முகமாத்தான் கழட்டுனாக. உள்ள வந்து இவளைப் பாத்தாக. அதே மாதிரி பக்கத்துல உக்காரவச்சி கையைப் பிடிச்சாக. வளையலு முழங்கை வரைக்கும் ஏறிப்போச்சி.

"என்ன மதினி, பிள்ளையை என்ன பண்ணுனீங்க?"

எனக்கு விளங்கல. "ஏன், நல்லாத்தானே இருக்கா, மெலிஞ்சிருக்கா"ன்னேன்.

அந்தம்மா கண்ணு கலங்கிட்டு. "அன்னைக்கு நல்லாப் பூசினாப்புல, மகாலச்சுமி கணக்கா இருந்தாளே தாயி. அதைத்தானே ஊருக்குப் போயி எல்லாருக்கும் சொன்னேன். இவளைத்தான் கட்டுவேன்னு எம் மகன் ஆறு மாசமா வந்த எடத்தையெல்லாம் தட்டிக்கிட்டு இருக்கான். பரீட்சைன்னு சொன்னீங்க, சரின்னு இருந்தோம். என்ன சீக்கு மதினி? மறைக்காமச் சொல்லுங்க."

கேட்டீகளா நியாயத்தை? இதை அன்னைக்கே வாயைத் திறந்து, பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த வம்பு உண்டா? பூசினாப்புலன்னு இங்கிட்டும் இல்லாம அங்கிட்டும் இல்லாம ஒரு பேச்சு. அவுக ஊருல அதுக்கு அழகுன்னு அர்த்தமாம். எங்க ஊருல அப்பிடியா? நீங்க சொல்லுங்க, தப்பு யாரு மேல? நாக்கு அவுகளுக்கு, நாசம் எனக்கு.

அந்தப் பையன் அன்னைக்குத் தலை நிமிந்து பாத்தான். ஒருவாட்டி பாத்துட்டுக் குனிஞ்சிக்கிட்டான். பொண்ணுக்கு ஒடம்பு தேறட்டும், அப்புறம் பேசலாம்னு தரகருகிட்டச் சொல்லி அனுப்பிட்டாக. மாசியில அவனுக்கு வேற எடத்துல முடிஞ்சிபோச்சி.

நான் தலையில அடிச்சிக்கிட்டு அழுதேன். இவ வந்து எங்கிட்ட உக்காந்து என் கையைப் பிடிச்சிக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? "அழாதம்மா, இன்னும் கொஞ்சம் கொறச்சிட்டா எல்லாம் சரியாப் போயிரும்"னா. சொல்லிட்டு எந்திரிச்சி, கட்டுன பட்டுச்சேலையோட கொல்லைக்குப் போனா. சலங் சலங்குன்னு வளையல் சத்தம் கேக்கு. எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ளயே கெடக்கு.

அதுக்கப்புறம் ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டா. கொல்லையில ஒருக்கா, மாடிப்படியில ஒருக்கா. மதுரையில ஒரு டாக்டரம்மாகிட்டக் காட்டுனோம். நெஞ்சு தளந்துபோச்சாம். ரத்தத்துல உப்பெல்லாம் எறங்கிட்டாம். இப்பிடியே விட்டா ஒருநாள் தூக்கத்துலயே போயிரும்னு எங்க முகத்தைப் பாத்துச் சொல்லிட்டாக. எனக்குப் பெத்த வயிறு பத்தி எரியுதுக்கா. கும்பிடாத சாமி இல்ல. இன்னைக்கு ஆஸ்பத்திரியில சேக்கத்தான் போறோம். வாயால சாப்பிடலைன்னா மூக்கு வழியாக் குழாய் விட்டு ஊத்துவாகளாம். நெனைச்சிப் பாருங்க, ஒரு காலத்துல புரோட்டாவுக்குச் சண்டை போட்ட பிள்ளைக்கு. அவுகப்பா நேத்தே போயி அங்க எடம் பிடிச்சி உக்காந்திருக்காக.

டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாக. "அவ ஒடம்பைப் பத்தியோ சாப்பாட்டைப் பத்தியோ நீங்க வாயே திறக்கக்கூடாது. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். என்னைக்கு அவளாக் கையை நீட்டி ஒரு வாய் எடுத்துச் சாப்பிடுதாளோ, அன்னைக்குத் திரும்பி வாரான்னு அர்த்தம். அதுக்குத்தான் காத்திருக்கோம்"னு. நானும் ஒரு மாசமா வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். நீட்டணுமே. ஒரு தடவை நீட்டிட்டா திருப்பதிக்கு மொட்டை போடுதேன்னு வேண்டியிருக்கேன், என் தலையை.

சாத்தூர் தாண்டிட்டா? சாப்பிடுங்க, சாப்பிடுங்க, எங்களுக்காக நீங்க பாக்காதீங்க. வாழ இலையில கட்டியிருக்கீங்களா? மொளகாப்பொடி இட்லியா? நல்லெண்ணெ வாசம் பஸ்சையே தூக்குது. ஐய, எனக்கு வேண்டாம்க்கா, நான் காலையிலயே சாப்பிட்டுட்டேன்.

அட, முழிச்சிட்டா. வாசத்துக்கு முழிச்சிட்டா போல. என்னட்டி?

இல்லக்கா, அவளுக்கெல்லாம் நீட்டாதீங்க, பாவம் உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிரும், அவ வாங்க மாட்டா... ஏட்டி, பாத்து, பாத்து எடு. எண்ணெ சொட்டுதுட்டி. இம்புட்டு எண்ணெயா.

பாத்தீகளா? நீட்டுன கையை மடக்கிக்கிட்டா. ஜன்னல் பக்கம் திரும்பிட்டா. நீங்களே உங்க கண்ணால பாத்துட்டீங்க, இனிமே நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம். இப்பிடித்தான்க்கா. யாரு குடுத்தாலும் வாங்க மாட்டேங்கா. ஒரு தாய் என்னதான் செய்வா?

நீங்க ஏன் இலையை மூடுதீக? நீங்க சாப்பிடுங்கக்கா.